கல்லடி மருமகனுக்கு



கராஜில் கைச்செலவுக்குக் காசு கிடைக்கிறது, இனி மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் என்னத்தைப் படிக்கிறது என்று கேட்டாயாம். அம்மா போனில் சொன்னா.

உன் கை நல்ல கை. லாண்ட்மாஸ்டர் எஞ்சினை நீ இறக்கிப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வேளாண்மை வெட்டுக் காலத்தில் படுவான்கரையிலிருந்து உன்னைத் தேடி வருவார்கள். ஆனால் கராஜில் நீ பார்த்துப் பழகுகிறாய். 'ஏன்' என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

நம்மூருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் வயர் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். ஹெட்லைற் மங்கல் என்று வேன் வந்தால் பற்றரியை மாற்று, சரிவராவிட்டால் ஓல்டனேற்றரை மாற்று என்பதுதான் இங்கத்தைய வைத்தியம். முறையாகப் படித்தவன் லைற்றைப் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மற்றதை வாகனத்தின் பொடியிலும் வைப்பான். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். நட்டைக் கழற்றி, துரு போக உரசிப் பூட்டினால் வேலை முடிந்தது. வந்தவனுக்குப் பற்றரிக் காசு மிச்சம். அவன் அடுத்த முறை வேறு கராஜுக்குப் போவானா?

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் நாட்டின் பழைய வாகனங்களை ஓட வைத்தது கராஜ்காரர்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இனி வருவதில் ஹைபிரிட்டும் மின்சார வாகனமும் கூட. பிரியஸ் ஹைபிரிட் காரின் பெரிய பற்றரியில் இருநூறு வோல்ற் அளவில் இருக்கிறது. அதிலிருந்து வருகிற செம்மஞ்சள் வயரைத் தொடமுன் எதைக் கழற்ற வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைப் பிழைவிட்டுப் பழக முடியாது. அங்கே முதல் பிழையே உயிரைக் கொண்டுபோகும்.

சான்றிதழ்ப் பேப்பரும் வேண்டும். தேசிய தொழில் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், 4ஆம் மட்டம் என்றால் தனியே நின்று வேலை செய்யத் தெரிந்தவன் என்று அர்த்தம். 5, 6 டிப்ளோமா. அதற்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. அனுபவத்தைச் சோதித்தே சான்றிதழ் தரும் வழியும் உண்டுதான். அது என் வயதுக்காரருக்கு. உனக்கு அந்தக் குறுக்குவழி வேண்டாம். கட்டாருக்குப் போகிற யோசனை இருந்தால் இந்தப் படிப்பைக் கட்டாயம் முடித்துவிட்டுப் போ. பேப்பர் இல்லாமல் போனவர்கள் மெக்கானிக்குக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

கராஜை விடச் சொல்லவில்லை. சனி, ஞாயிறு போ. முதலாளியிடம் நான் பேசுகிறேன். திங்கட்கிழமை ஓ.எல். பெறுபேற்றையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மஞ்சந்தொடுவாய்க்குப் போய், மோட்டார் படிப்புக்கு எப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கு அழைப்பு எடு.

இப்படிக்கு,
மாமா