முட்டி வலியா? தொடையைக் கவனிங்க!

தோழிகளே, குந்தி எழும்போதும் படி இறங்கும்போதும் முட்டியின் முன்பக்கம் சுள்ளென்று வலிக்கிறதா? வயசாயிடுச்சு, தேய்மானம்னு நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பலருக்குத் தொடையின் முன்பக்கத் தசை பலமிழந்திருப்பதும் ஒரு காரணம். முட்டிச் சில்லை இழுத்துப் பிடித்திருப்பது அந்தத் தசைதான். அது தளர்ந்தால் சில்லின் அடியில் அழுத்தம் சரியாகப் பரவாது. வலிக்குதேன்னு காலை அசைக்காமலே வைத்தால் தசை இன்னும் மெலியும். தைலம் தேய்த்தால் சுகமாத்தான் இருக்கும், பலம் வராது.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதைக் கீழே அழுத்தி, தொடையை இறுக்கி, 5 எண்ணி விடுங்கள். தினமும் ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுடாதீங்க. முட்டி வீங்கினாலோ சூடாக இருந்தாலோ பயிற்சி வேண்டாம், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.