மிதவை விமானத்திற்குச் சக்கரம் வேண்டுமா?

மிதவை விமானம் வாங்க நினைப்போர் பலரும் இயந்திரத்தின் ஆற்றலையே முதலில் வினவுவர். அது இறங்கவிருக்கும் நீரைப் பற்றிய வினா அதற்கு முன்னரே எழ வேண்டும் என்பது நம் கருத்து.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பவளத் தீவுகளுள் பெரும்பாலானவற்றில் ஓடுதளம் இல்லை. தீவைச் சூழ்ந்த காயலே இறங்குதளம். அத்தீவுகளுக்கிடையே பறக்கும் ‘ட்வின் ஆட்டர்’, 1965இல் கனடாவில் முதன்முதல் பறந்த விமான வகையாகும். இயந்திரங்கள் இரண்டு, குறுகிய தொலைவிலேயே மேலெழும் திறனும் உண்டு. உயர்ந்தமைந்த இறக்கைகளில் இயந்திரங்கள் இருப்பதால், உப்புநீர்த் திவலை சுழல்விசிறியை எட்டுவது குறைவு. ஆயினும் உப்பு உலோகத்தை அரிக்குமாதலால் நன்னீரால் கழுவுதல் தவறலாகாது.

தரையிலும் இறங்கத்தக்க, சக்கரம் பொருத்திய மிதவைகளும் உண்டு. வசதிதான், எனினும் அந்த எடையளவிற்குப் பயணியோ சரக்கோ குறையும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சக்கரத்தை உள்ளிழுக்க மறந்து நீரில் இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழக்கூடும். உள்ளிருப்போர் நீருக்கடியில் தலைகீழாய்க் கதவைத் தேட நேரும். ஆதலின், தரையிறங்கும் தேவையற்ற இடத்தில் சக்கரமில்லா மிதவையையே நாம் தேர்வோம். தேவையுள்ள இடத்திலோ, ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சக்கரத்தின் நிலையை விமானி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தல் வேண்டும்.