பேரிங்கும் பாரமும்



'பேர்' என்ற ஆங்கில வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பாதிப் பேர் 'கரடி' என்பீர்கள். போன செய்முறைத் தேர்வு வரைக்கும் நானும் அப்படித்தான்.

அன்றைக்கு எக்ஸ்டர்னலாக வந்த சார் வைவா கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் கழற்றிப் போட்ட பம்ப், பக்கத்தில் ஒரு 6205 பால் பேரிங். என் முறை வந்தபோது ஏதோ தாளைக் காணோம் என்று ஃபைலுக்குள் தேடியவர், தலை நிமிராமலே "ப்ளீஸ் பேர் வித் மீ" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'பேர்' மட்டும்தான். பேரிங்கைக் கேட்கிறார் என்று நினைத்து அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் பேரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற நம் பசங்க சிரித்த சிரிப்பு லேத் ஷாப் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப்பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிந்தும் எனக்கு வாய் எழவில்லை. (6205-இல் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. என்பதைக்கூடச் சொல்லவில்லை.)

அன்று மாலையே நூலகத்துக்குப் போய் அகராதியை எடுத்தேன். எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

கரடிக்கும் இந்த வினைச்சொல்லுக்கும் எழுத்து ஒன்றுதான், உறவு கிடையாது. இந்த 'பேர்' என்றால் சுமப்பது, தாங்குவது. சிவில் நண்பர்கள் 'லோட் பேரிங் வால்' என்கிறார்களே, அது கூரையின் பாரத்தைத் தாங்குகிற சுவர். மண்ணுக்கு 'பேரிங் கெப்பாசிட்டி' பார்ப்பதும் எவ்வளவு தாங்கும் என்றுதான். ஷாஃப்டைத் தாங்கிக்கொண்டு சுற்றவும் விடுவதால் நம்ம பேரிங்குக்கு அந்தப் பெயர். இவை எல்லாம் நேர்ப்பொருள். (சர்வேயில் காம்பஸ் வைத்துப் பார்க்கும் பேரிங் திசைக் கோணம். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தராசில் நிறுக்க முடியாத பாரத்தைச் சொல்லும்போது அதுவே உருவகம் ஆகிவிடுகிறது. வலியை பேர் பண்ணலாம், செலவை, பழியை, பொறுப்பை பேர் பண்ணலாம். இதில் பயப்பட ஒன்றுமில்லை, தமிழிலும் நாம் இதையேதான் செய்கிறோம். தூண் கூரையைத் தாங்குகிறது, 'பல்வலி தாங்க முடியலை' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே 'தாங்கு'தான்! ஆனால் எல்லா இடத்திலும் ஒட்டாது. மரம் பழத்தை 'பேர்' பண்ணினால் நமக்குக் காய்க்கிறது, 'பேர் இன் மைண்ட்' என்றால் மனசில் வைத்துக்கொள்.

நான் மாட்டிக்கொண்ட 'பேர் வித் மீ' என்பதற்கு 'கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று அர்த்தம். நடுவில் இருக்கும் 'வித்'தை விட்டுவிடாதீர்கள். 'ஐ காண்ட் பேர் ஹிம்' என்றால் அவனைச் சகிக்கவே முடியாது என்று ஆகிவிடும். 'ப்ளீஸ் பேர் மீ' என்று சொன்னால் என்னைத் தூக்கிக்கொள் என்பதுபோல் இருக்கும்.

இறந்தகாலம் 'போர்'. மூன்றாவது வடிவத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. சுமந்த, தாங்கிய என்பதற்குக் கடைசியில் 'இ' எழுத்து வரும். பிறந்த என்பதற்கு அந்த 'இ' வராது. 'ஐ வாஸ் போர்ன்' என்று பயோடேட்டாவில் எழுதுகிறோமே, அதுவும் இந்த வினைதான். அம்மா பத்து மாதம் சுமந்ததைத்தான் அங்கே எழுதுகிறோம் என்பது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

நம் ஆங்கில ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கப் போனபோது அவர் இன்னொன்று சொன்னார். பழைய ஆங்கிலத்தில் இது 'பெரன்', சமஸ்கிருதத்தில் 'பரதி', இரண்டும் ஒரே வேரில் வந்தவை. அந்த மொழிகள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி 1786-இல் கல்கத்தாவில் பேசினாராம். 'பரதி'யின் அதே வேரில் பிறந்து தமிழுக்கு வந்த சொல்தான் 'பாரம்'. தாங்கு, சும, பொறு எல்லாம் நம் சொந்தச் சொற்கள். பாரம் மட்டும் பேரிங்குக்குத் தூரத்துச் சொந்தம்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம்தான். அவர் லோடுமேன். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். "பாரம் ஏத்தியாச்சா" என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ராத்திரி ஷாப்பில் கழித்துப்போட்ட பழைய பேரிங் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். வைவாவில் சிரித்ததையும் சொன்னேன். முதலில் மறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. அப்பா பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். கரகரவென்று சத்தம் வந்தது.

"கிரீஸ் இல்லன்னா இதுவும் கத்துது பாரு" என்றார். அப்புறம், "அந்த சார் அப்படிக் கேட்டா நீ என்னடா சொல்லியிருக்கணும்?"

"'ஷ்யூர் சார்'னு சொல்லிட்டு சும்மா நின்னிருக்கணும்ப்பா."

"அவ்வளவுதானா?"

இப்போதெல்லாம் லாரி டிரைவர் "கொஞ்சம் இருப்பா, பில் வரட்டும்" என்றால் அப்பா "ஷ்யூர் சார்" என்கிறாராம். கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொன்னார்கள்.