தேர்வு வைப்பது யார் என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய நோட்டீஸ்களைப் படித்தேன். பிளஸ் டூ வணிகவியல் முடித்ததும் அலுவலக வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம் என்று நீ நினைத்தது நல்ல முடிவு. ஆனால் அதில் வரும் தனியார் நிலையத்தின் ஆறு மாத டிப்ளமோவுக்காக அண்ணன் நகையை அடகு வைக்கப் போகிறார் என்று உன் அம்மா போனில் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

எந்தப் பயிற்சி நிலையமாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியில் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது யார்? பாடம் சொல்லிக் கொடுப்பவரே கேள்வித்தாள் எடுத்து, அவரே திருத்தி, அவரே சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்தால் வெளியே அதற்கு மதிப்பில்லை. கலெக்டர் ஆபீஸில் என் செக்‌ஷனுக்கு வந்த பிள்ளைகளில் சிலர் அப்படிப்பட்ட டிப்ளமோக்களை ஃபைலில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவை இல்லை, டைப்ரைட்டிங் சான்றிதழ்தான்.

நோட்டீஸில் ‘அரசு பதிவு பெற்றது’ என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதே. சங்கமாகப் பதிவு செய்வதும், சிறு தொழிலாகப் பதிவு செய்வதும், ஐஎஸ்ஓ வாங்குவதும் ஒரு நிறுவனம் தன்னை நடத்திக்கொள்ளும் விஷயம். அந்தப் பாடத்திட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டதாக அதற்கு அர்த்தம் இல்லை.

உங்கள் பஸ் ஸ்டாண்டு தெருவில் இருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை நீ ஒரு பொருட்டாகவே எழுதவில்லை. அங்கே படிப்பவர்களுக்குத் தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். இளநிலைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45. வேகத்துக்கு ஒரு தாள். கடிதம், பட்டியல், கையெழுத்துப் பிரதி ஆகியவற்றை ஒழுங்காக அமைப்பதற்கு இன்னொரு தாள். இரண்டாவது தாளைத்தான் பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள். அலுவலகத்தில் தினமும் கைகொடுப்பது அதுதான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை கேட்கிறார்கள். இல்லையென்றால் ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை இருந்தாக வேண்டும். அதோடு ‘கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்’ என்ற சான்றிதழும் வேண்டும். அதற்கும் அதே இயக்ககம்தான் தேர்வு நடத்துகிறது. அந்தத் தேர்வு எழுதவே டைப்ரைட்டிங் இளநிலை பாஸ் செய்திருக்க வேண்டும் என்பதால் எதை முதலில் படிப்பது என்ற குழப்பமே உனக்கு வேண்டாம்.

இன்ஸ்டிட்யூட்டில் சேரும்போது இயக்ககத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று கேள். எத்தனை மிஷின் ஓடுகிறது, உனக்குத் தினமும் ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைக்குமா என்று நின்று பார். தமிழ் தட்டச்சில் இன்னொன்றையும் கவனி. டைப்ரைட்டரில் ‘யளனக’ என்று தொடங்கும் பழைய விசைப்பலகை. கம்ப்யூட்டரிலோ 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை, உயிரெழுத்துகள் இடதுகைப் பக்கமும் மெய்கள் வலதுகைப் பக்கமும் வரும். தேர்வுக்குப் பழையதைப் பழகு. விரல் நன்றாகப் பதிந்த பிறகு மற்றதுக்கு வா. இரண்டையும் ஒரே மாதத்தில் தொட்டால் விரல் தடுமாறும்.

பகலில் என்ன படிப்பது என்று கேட்பாய். அரசு ஐடிஐயில் ‘கோபா’ என்கிற கணினி இயக்குபவர் பிரிவு இருக்கிறது, ஒரு வருஷம், பத்தாவது பாஸ் போதும். சில இடங்களில் சுருக்கெழுத்தோடு செயலகப் பயிற்சியும் உண்டு. படிப்புக்குக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் கிடைக்கும். நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், ஐடிஐக்குப் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முடித்தால் கிடைக்கிற தேசியத் தொழிற்சான்றிதழ் எந்த மாநிலத்திலும் செல்லும். மதுரை புதூரில் மகளிர் ஐடிஐ இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், எந்தெந்தப் பிரிவு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டு வா.

இதையெல்லாம் யோசித்த பிறகும் அந்தத் தனியார் நிலையம்தான் வேண்டும் என்று தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒருநாள் வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேள். மறுத்தால் திரும்பி வந்துவிடு. ‘நூறு சதவீத வேலை’ என்கிறார்களே, போன வருஷம் முடித்த இரண்டு பெண்களுடைய போன் நம்பரை வாங்கி, இப்போது எங்கே வேலை, என்ன சம்பளம் என்று நீயே பேசு. எக்செல்லில் கூட்டல் கழித்தலோடு நிறுத்திவிடுகிறார்களா, பிவட் டேபிள், மெயில் மெர்ஜ் வரை போகிறார்களா? ஒரு புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்லி உன் வரைவைத் திருத்தித் தருவார்களா? வந்த தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது, கோப்பில் குறிப்பு எழுதுவது, கூட்ட நடவடிக்கையைச் சுருக்கி எழுதுவது, இந்த மூன்றும் தெரிந்த பெண்ணை எந்த அலுவலகமும் விடாது. நோட்டீஸில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

அசல் மதிப்பெண் பட்டியலை மட்டும் தனியார் நிலையத்தில் யாரிடமும் ஒப்படைக்காதே. ஜெராக்ஸ் கொடு. பாதியில் நின்றால் பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் வாங்கு. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனத்தின் பெயரிலேயே ரசீது கேள்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஐடிஐ, சாயங்காலம் டைப்ரைட்டிங். இந்த வருஷத்திலேயே ஆங்கிலம் இளநிலையும் தமிழ் இளநிலையும் எழுதிவிடு, முதுநிலை அடுத்த வருஷம். பட்டம் வேண்டுமென்றால் பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்துக்கொள்ளலாம், அவசரமில்லை. டைப்ரைட்டிங் ஃபீஸை மாதாமாதம் நான் அனுப்புகிறேன். நகை பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். புதூர் போய் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை