லண்டன் ஒயின் பாரில் சின்ன கிளாஸே கெட்டிக்காரத்தனம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் மத்திய லண்டனில் ஒயின் பாருக்குள் நுழைந்தால் கூட்டம் நெருக்கித் தள்ளும். கரும்பலகையில் வரிசையாகப் பெயர்கள். பலவும் கிளாஸ் கணக்கில் கிடைக்கும். புதிதாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

அளவைச் சொல்லிக் கேளுங்கள். "ஒரு கிளாஸ்" என்று மட்டும் சொன்னால், நெரிசலில் 175 மி.லி.யோ 250 மி.லி.யோ கைக்கு வந்துவிடலாம். 250 என்பது 750 மி.லி. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் உரிமம் பெற்ற பார்களில் 125 மி.லி. அளவும் கிடைக்க வேண்டும் என்பது 2010 முதல் விதி. கேட்க வெட்கப்பட வேண்டாம். பல ஒயின்களை ருசி பார்க்கத்தானே இங்கே வருகிறோம்? ஒரே பெரிய கிளாஸோடு உட்கார்ந்துவிட்டால் அந்த நீளமான பட்டியலால் நமக்கு என்ன லாபம்?

பாட்டில் எப்போது திறந்தது என்று விசாரியுங்கள். திறந்த ஒயின் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல மங்கிவிடும். சில பார்களில் கொராவின் என்ற கருவி இருக்கும்: கார்க்கில் மெல்லிய ஊசியைச் செருகி, ஒயினை எடுத்த இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பும். விலை உயர்ந்த ஒயினையும் கிளாஸ் கணக்கில் விற்க முடிவது இதனால்தான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். கார்க் வழியாக வந்த குறை அது. நல்ல பாரில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

பெயர் தெரியாவிட்டால் பிடித்ததைச் சொல்லுங்கள்: புளிப்பு வேண்டுமா, பால் விடாத கடுந்தேநீர் போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வேண்டுமா என்று. பரிமாறுபவருக்கு அது போதும்.

கூடவே தண்ணீர் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசம். சீஸ் தட்டும் சொல்லிவிடுங்கள். வெறும் வயிறு வேண்டவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

வில்லியர்ஸ் தெருவில் 1890 முதல் நடக்கும் கார்டன்ஸ் ஒயின் பாருக்குப் போய் பியரோ விஸ்கியோ கேட்காதீர்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், தலை இடிக்கும் அந்த நிலவறையில் ஒயினும், பீப்பாயிலிருந்து ஊற்றும் ஷெர்ரி, போர்ட் வகைகளும்தான். பியருக்கு அக்கம்பக்கத்தில் பப்புகளுக்கா பஞ்சம்!

கவுன்ட்டரில் ஆட்கள் காத்திருக்கும்போது ஐந்தாறு ஒயின்களைச் சும்மா ருசி பார்க்கக் கேட்பது அநாகரிகம். ஒன்றிரண்டு போதும்.

இளமையான முகம் என்றால் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். சட்டப்படி 18 வயது போதும் என்றாலும், 25-க்குக் கீழே தெரிபவர்களிடம் கேட்பது அங்கே வழக்கம். கோபித்துப் பயனில்லை.

பில்லைப் பார்க்காமல் டிப்ஸ் வைக்காதீர்கள். மேஜைக்கு வந்து பரிமாறும் இடங்களில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

காரை எடுக்கவே கூடாது. வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் உள்ளிட்ட சில பாதைகளில் பாதாள ரயில் விடிய விடிய ஓடுகிறது. மீந்த பாட்டிலைக் கையில் பிடித்துக் குடித்துக்கொண்டே ஏறிவிடாதீர்கள். ரயிலில் மது குடிக்க 2008 முதல் தடை.