மானின் மூக்கும் மின்வேலியும்

மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அதற்கு ஏன் அதிர்ச்சி ஏற்படுவதில்லை? அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. மின்சாரம் உடல் வழியாக நிலத்தை அடைய வழியில்லை. இந்த எளிய உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால் மின்வேலியின் தத்துவம் பாதி புரிந்துவிடும்.

அமெரிக்காவில் வெண்வால் மான்கள் ஏராளம். அவற்றுக்கு உணவாகவென்றே சிறு நிலங்களில் சோயா மொச்சை முதலியவற்றைப் பயிரிடும் வழக்கம் அங்கே உண்டு. பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் செய்யும் வேலை இது. விருந்து யாருக்கோ அவர்களிடமிருந்தே இலையைக் காக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை! சோயா முளைவிட்டதும் மான்கள் வந்து குருத்தை மேய்ந்துவிட்டால், பிறகு வெறும் தண்டுதான் மிஞ்சும். ஆகவே பயிர் வளரும்வரை மின்வேலி போட்டு, இலையுதிர் காலத்தில் அதை எடுத்துவிடுகிறார்கள்.

வெண்வால் மான் சுமார் எட்டடி உயரம்கூடத் தாண்டும். இடுப்பளவு உயரமே உள்ள கம்பி அதை எப்படித் தடுக்கும்? வேலியைக் கண்ட மான் உடனே தாண்டுவதில்லை. முதலில் கிட்டே வந்து முகர்ந்து பார்க்கும். பிறகு கம்பிக்கு அடியிலோ இடையிலோ நுழையப் பார்க்கும். அதன் உடல் கம்பியில் உரசினால் பயனில்லை. குளிர்கால ரோமம் உள்ளே குழல்போல் இருப்பதால் நல்ல மின்காப்புப் பொருளாகிவிடுகிறது. ஈரமான மூக்கோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே மூக்கைக் கம்பிக்கு வரவழைக்க வேண்டும்! இதற்காக, சாக்லெட் சுற்றி வருமே, அதைப்போன்ற அலுமினியத் தாளைக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டு, அதில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி வைக்கிறார்கள். மணத்துக்கு வந்த மான் நக்கிப் பார்க்கிறது. சுளீரென்று ஓர் அடி! அதன்பின் அந்த வேலியருகே வர அது தயங்குகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. வெளியே ஒற்றைக் கம்பி, அதற்கு மூன்றடி உள்ளே இரண்டு கம்பிகள். மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. சுற்றிலும் பார்க்க அவை உதவும். ஆனால் தூரத்தைக் கணிப்பதில் அவ்வளவு திறமை போதாது. இரு வேலிகளுக்கும் சேர்த்து எவ்வளவு அகலம் தாண்டுவது என்று அது திகைத்து நின்றுவிடும்.

இனி அந்த ‘அடி’யைக் கவனிப்போம். வேலிக் கருவி மின்சாரத்தை ஒரு மின்தேக்கியில் சேர்த்து, சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை கம்பியில் துடிப்பாக விடுகிறது. கருவியின் ஒரு முனை கம்பியிலும், மறுமுனை நிலத்தில் ஆழமாக அடித்த இரும்புக் கோலிலும் இணைந்திருக்கும். மான் தொட்டதும் கம்பி, மூக்கு, கால், மண், கோல் என்று சுற்று முழுமையாகிறது. மண் காய்ந்து கிடந்தால் அதன் மின்தடை அதிகம், அடி பலவீனமாகும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். அதனால்தான் கம்பிக்குக் கீழே புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கம்பியில் 5,000 வோல்ட். உடலின் மின்தடை 1,000 ஓம் எனக் கொள்வோம். மின்னோட்டம் 5 ஆம்பியர். திறன் 25,000 வாட்! பயப்பட வேண்டாம், துடிப்பு நீடிப்பது விநாடியில் 5,000-ல் ஒரு பங்குதான். ஆகவே ஆற்றல் வெறும் 5 ஜூல். அடுத்த துடிப்பு வருவதற்குள் மான் துள்ளி விலகிவிடும்.

இதே உடல் வீட்டு மின்சாரமான 230 வோல்ட் கம்பியைத் தொட்டால்? மின்னோட்டம் 0.23 ஆம்பியர்தான். ஆனால் அது நிற்காது. தசைகள் இறுகி, பிடித்த கை விடாது. விநாடிக்கு 53 ஜூல் பாய்ந்துகொண்டே இருக்கும். சுமார் 0.1 ஆம்பியர் சில விநாடிகள் மார்பு வழியே சென்றாலே இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். 5,000 வோல்ட் பிழைக்க விடுகிறது, 230 வோல்ட் கொல்கிறது. வோல்ட் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் கேட்க வேண்டும், அல்லவா?

நம் ஊரிலும் சிலர் வீட்டு மின்சாரத்தையே நேராக வேலிக் கம்பியில் இணைத்துவிடுகிறார்கள். அது மின்வேலி அல்ல, கொலைப்பொறி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. உடனிருந்த இரு குட்டிகள் மட்டும் தப்பின. இத்தகைய கம்பிகளுக்கு மனிதர்களும் பலியாகியிருக்கிறார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு 2023-ஆம் ஆண்டு கொண்டுவந்தது.

உங்கள் ஊர் வயலோரத்தில் வேலிக் கம்பியைக் கண்டால் தொட்டுப் பார்க்காதீர்கள். முறையான வேலியில் எச்சரிக்கைப் பலகை தொங்கும். கருவியிலிருந்து ‘டிக்… டிக்…’ என்று விட்டுவிட்டு ஓசை வருவதும் உண்டு. வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுத்து வேலியில் கட்டியிருந்தால், பெரியவர்களை அழைத்து மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள்.