பிள்ளைகளின் மூச்சும் படிப்பும்



எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் நாள்களில் அருச்சனைச் சீட்டுகளில் பெரும்பாலும் பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமுமே இருக்கும். 'படிப்பில் கவனம் நிற்க வேண்டும்' என்பதே பெற்றோரின் வேண்டுதல். அந்தக் கவனத்திற்கும் பிள்ளை சுவாசிக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அறக்கட்டளையின் கல்விப் பணிக்கு வாரி வழங்கும் நல்லுள்ளங்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

காற்றை இறைவனின் வடிவாகவே கண்டது நம் சமயம். பஞ்சபூதத் தலங்களுள் திருக்காளத்தி வாயுத் தலமாகப் போற்றப்படுகிறது. ஆனால், அந்தக் காற்று கெட்டுப்போவதை நாம் புகைமூட்டக் காலத்தில் மட்டுமே நினைக்கிறோம். 1997இல் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நாடெங்கும் பல பள்ளிகள் மூடப்பட்டன. கண் எரிந்தால் அஞ்சுகிறோம். அன்றாடம் வாகனங்கள் கக்கும், கண்ணுக்குத் தெரியாத நச்சுக்கு அஞ்சுவதில்லை.

தீமை செய்வது மிக நுண்ணிய துகள்களே. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இத்துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கிலுள்ள முடி இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திற்குச் செல்கின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இவற்றால் உடலில் ஏற்படும் அழற்சி மூளையையும் பாதிக்கக்கூடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களே அதிகக் காற்றை உள்ளிழுக்கின்றனர். மேலும், கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் முன்மூளை, இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 39 பள்ளிகளைச் சேர்ந்த, 7 முதல் 10 வயது வரையிலான 2,715 மாணவர்களை ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். மனக்கணக்குப் போடும்போது எண்களை மனத்தில் நிறுத்தி வைக்கிறோமே, அந்த நினைவாற்றல் தூய காற்றுள்ள பள்ளிகளில் 11.5 விழுக்காடு வளர்ந்தது. வாகனப் புகை மிகுந்த பள்ளிகளில் 7.4 விழுக்காடே வளர்ந்தது. சுறுசுறுப்பான பிள்ளைகள்தாம், வளர்ச்சிதான் மெதுவாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் கொண்ட குறைபாட்டுக்குப் பரம்பரையே பெரும் காரணம். புகையால்தான் அது வருகிறது என்று எவரும் முடிவாகச் சொல்லவில்லை. ஆய்வுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே பெற்றோர் தம்மையோ பிள்ளையையோ பழித்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் காட்டுவதே முறை.

நான் ஆசிரியராக இருந்தபோது, எங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே பெரிய சாலை. சமிக்ஞை விளக்கில் பேருந்துகளும் லாரிகளும் நின்று உறுமும். சன்னலோரத்தில் நெளிந்துகொண்டிருந்த மாணவர்களைச் 'சேட்டைக்காரர்கள்' என்று கண்டித்தேன். சிலரை நிற்கவும் வைத்தேன். அதற்குப் புகைதான் காரணமா என்று இன்றும் என்னால் கூற இயலாது. ஆனால், அந்தக் காற்றைப் பற்றி ஒருநாளும் நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே இன்று என்னை உறுத்துகிறது.

நம்மால் செய்யக்கூடியவை பல. சீன, மலேசியக் கொசுவத்திச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம். மூடிய அறையில் அதனைக் கொளுத்திவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கலாமா? கொசுவலை போதுமே! பள்ளி வாசலில் காத்திருக்கையில் வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். குறியீடு 100ஐத் தாண்டும் நாளில் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பாதீர்கள். சாதாரணத் துணிக் கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்-95 வகையே ஓரளவு காக்கும்.

ஆலயத்திற்கும் இதில் பங்குண்டு. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரப் புகையிலும் இத்துகள்கள் உண்டு. வழிபாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆண்டவனுக்கு உரிய தூபமும் தீபமும் குறைவின்றி நடக்கட்டும். ஆனால், பக்தர்கள் ஊதுபத்தி ஏற்றும் இடத்தைத் திறந்த வெளிக்கு மாற்றலாம். அதன் அருகே மண்டபத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பைக் காற்றோட்டமுள்ள மாடி அறைக்குக் கொண்டு செல்லலாம். இதனை நிர்வாகக் குழுவின் முன் வைத்துள்ளேன். புகையை வெளியேற்றும் விசிறிகளுக்கு நன்கொடையாளர்கள் கைகொடுத்தால் விரைவில் நிறைவேறும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். புத்தகமும் கல்வி நிதியும் வழங்கும் நாம், அவற்றைப் பயன்படுத்தப்போகும் மூளைக்கு நல்ல மூச்சையும் வழங்க வேண்டாமா? அதுவும் வித்தியாதானமே. சிந்திப்போம், செயல்படுவோம்.

எல்லாம் வல்ல இறையருள் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதாக!